ஸ்ரெல்லாவின் கால்கள்

கனிசியஸ் இறந்து எட்டு மாதமாகப் போகிறது, ஸ்ரெல்லா இன்னும் கதிரையை விட்டு எழும்பவில்லை என்று குருநகரில் பேசிக்கொண்டார்கள். அது முழுக்க உண்மையில்லை. குசினிக்கு எழும்பிப் போனாள், கிணற்றடிக்குப் போனாள், ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஜெனிற்றாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதற்பூசைக்குப் போய்வந்தாள். மற்ற நேரமெல்லாம் விறாந்தையில், சுவரோடு போட்டிருந்த பிளாஸ்ரிக் கதிரையில்தான் இருந்தாள்.

செத்த வீட்டுக்கு ஆட்கள் வந்தபோது அவளை இருத்திவைத்த கதிரை அது. ஒரு கிழமையாக ஆட்கள் வந்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், சோறு கொண்டுவந்தார்கள். அவர்கள் வருவது நின்ற பிறகு எழும்புவதற்குக் காரணம் என்று ஒன்றும் இருக்கவில்லை. முன்பென்றால் காலையில் வள்ளம் கரைக்கு வந்ததும் ஓடவேண்டும். வலையில் சிக்கெடுக்க வேண்டும், நண்டு வேறு மீன் வேறாகத் தெரிந்தெடுக்க வேண்டும், மீன் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் கரைக்குமாக நாலைந்து தரம் நடக்க வேண்டும். ஐம்பத்துநாலு வயதுவரைக்கும் அவள் கால்கள் ஓய்ந்ததில்லை. அதை உடற்பயிற்சி என்று யாரும் சொன்னதுமில்லை. வள்ளமும் வலையும் வேறு கைக்குப் போனதும் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோனது.

"அம்மா இனி ஒரு வேலையும் செய்யக்கூடாது. சும்மா இருங்கோ" என்றான் பிரான்சிலிருந்து மகன் ஜெனிஸ்ரன். பாசத்தில்தான் சொன்னான். அவளும் சும்மா இருந்தாள்.

கனிசியஸ் போனது மாசி மாதம் பன்னிரண்டாம் திகதி. வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலைமேலேயே இருந்துவிட்டாராம். கூடப்போன யாகப்பு வள்ளத்தைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தேழு வயது. இரண்டு வருசத்துக்கு முன்னரே டொக்டர் உடம்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார், நடக்கச் சொல்லியிருந்தார். "கடலிலை எங்கை நடக்கிறது?" என்று கனிசியஸ் அதை ஒரு பகிடியாக்கி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஸ்ரெல்லாவும் சேர்ந்து சிரித்தாள்.

ஐப்பசியில் அவளுடைய கால்கள் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுத்தன. ஜெனிற்றா தான் வேலைசெய்யும் துணிக்கடையில் அரைநாள் லீவு கேட்டு அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். சீனி முந்நூற்றுப் பன்னிரண்டு. பிறசரும் இருந்தது. குளிசையை எழுதிக் கொடுத்துவிட்டு டொக்டர் சொன்னார்:

"குளிசையாலை மட்டும் உது குறையாது அம்மா. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ."

அடுத்த நாள் பின்னேரம் ஸ்ரெல்லா உண்மையாகவே நடக்கப் புறப்பட்டாள். கறுப்புச் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு படலையைத் திறந்தாள். முன்வீட்டுக்காரி கண்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஐயோ ஸ்ரெல்லா, எப்பிடியிருந்த நீ!" அவள் அழ, ஸ்ரெல்லாவும் அழவேண்டியதாகப் போனது. அதிலிருந்து விடுபட்டு மூலைக்கடைக்குக் கிட்டப் போனால் இன்னொருத்தி. அதையும் தாண்டினால் யாகப்பு. கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு எழும்பி வந்தான்.

"அண்டைக்கு ‘யாகப்பு, கொஞ்சம் பொறு, எனக்கு என்னவோ செய்யுது’ எண்டார் அக்கா. நான் திரும்பிப் பாக்கிறன்..."

அந்தக் கதையை அவள் இருபது தரமாவது கேட்டிருப்பாள். அவனுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. நின்று முழுவதையும் கேட்டாள். வீட்டுக்குத் திரும்பியபோது அரை மணித்தியாலத்துக்கு மேலாகியிருந்தது. நடந்ததோ நூறு அடிகூட வராது.

"இனி நடக்கப் போகேல்லை" என்றாள் ஜெனிற்றாவிடம். "என்னாலை றோட்டு முழுக்க நிண்டு நிண்டு அழ ஏலாது பிள்ளை."

அந்த நாட்களில்தான் அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்த குடும்பநல உத்தியோகத்தர் பிரியந்தினி, கடற்கரைப் பக்கமாக இருக்கிற வாசிகசாலை மண்டபத்தில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பெண்களுக்கு உடற்பயிற்சி என்று வீடு வீடாகச் சொல்லிப் போனாள். முப்பது வயதும் ஆகாத மெல்லிய பிள்ளை. எல்லாரும் அவளை மிஸி என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் பதினொரு பேர் போனார்கள். கையை மேலே தூக்கு, கீழே விடு, ஒன்று, இரண்டு. மூன்றாம் நாள் நாலு பேர்தான் நின்றார்கள். அதில் ஒருத்தி ஸ்ரெல்லாவின் பக்கத்து வீட்டுக்காரி றொசாந்தி. கருவாடு போடுகிறவள், நாற்பது வயது, வாய் பெரிது.

"மிஸி, குறை நினையாதேங்கோ" என்றாள் றொசாந்தி. "உது பள்ளிக்கூடத்திலை பிழைவிட்ட பிள்ளையளுக்குக் குடுக்கிற தண்டனை மாதிரிக் கிடக்கு. பகல் முழுக்க வெய்யிலிலை குனிஞ்சு நிமிந்திட்டு வாறம். இஞ்சையும் வந்து குனி, நிமிர் எண்டால் ஆர் வருவினம்?"

பிரியந்தினிக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப என்ன செய்வம் அக்கா?"

றொசாந்தி தன் ஃபோனை எடுத்து ஒரு பைலாப் பாட்டைப் போட்டு, ஜன்னல் கட்டில் வைத்தாள். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடத் தொடங்கினாள். கலியாண வீட்டில் பந்திக்குப் பிறகு பெண்கள் ஆடுகிற அதே ஆட்டம். மற்ற மூன்று பேரும் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், பிறகு இறங்கினார்கள். நாலு பாட்டு முடிந்து வியர்வையைத் துடைத்தபோது பிரியந்தினி மணிக்கூட்டைக் காட்டினாள்.

"இருபது நிமிசம் ஆடியிருக்கிறியள். நான் எண்ணிக்கொண்டு நிண்டிருந்தால் அஞ்சு நிமிசத்திலை வீட்டை போயிருப்பியள்."

அந்தக் கிழமைக்குள் பதினேழு பேராகிவிட்டார்கள். ஒரு நாள் பைலா. ஒரு நாள் வெளியே மணலில் கோடு கீறிக் கிளித்தட்டு மறித்தார்கள். இன்னொரு நாள் வள்ளத்துக் கயிற்றை இரண்டு பேர் பிடித்துச் சுழற்ற, அறுபது வயதுக்காரி ஒருத்தி உள்ளே பாய்ந்து எட்டுத் தரம் துள்ளினாள். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஜெனிற்றாதான் ஸ்ரெல்லாவை அங்கே கொண்டுபோய் விட்டாள். "ஆட வேண்டாம் அம்மா. சும்மா இருந்து பாருங்கோ. வீட்டிலை இருக்கிறதை அங்கை இருங்கோ." ஸ்ரெல்லா மண்டபத்தின் பின்சுவரோடு கிடந்த வாங்கில், கறுப்புச் சீலையோடு, பூசைக்கு வந்தவள் போல இருந்தாள். யாரும் அவளைக் கட்டிப்பிடிக்க வரவில்லை. எல்லாருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டாம் நாள் பிரியந்தினி பக்கத்தில் வந்து இருந்து, இருந்தபடியே குதிக்காலை உயர்த்திப் பதிக்கக் காட்டிக்கொடுத்தாள். ஸ்ரெல்லா செய்தாள். ஐந்தாம் நாள் அவளுடைய குதிக்கால்கள் பாட்டின் தாளத்துக்கு எழும்பிப் பதிந்துகொண்டிருந்தன. அது அவளுக்குத் தெரியவில்லை. றொசாந்திக்குத் தெரிந்தது.

"எழும்புங்கோ ஸ்ரெல்லாக்கா."

"விசரே உனக்கு? நான் கறுப்போடை இருக்கிறன்."

"கறுப்பு சீலைக்குத்தானே. காலுக்கு இல்லையே."

றொசாந்தி கையைப் பிடித்து இழுத்தாள். எழும்பியவள் முதலில் நின்ற இடத்திலேயே அசைந்தாள். வீங்கிய கால்கள் வேறு யாருடையதோ போல் கனத்தன. பிறகு ஒரு பாட்டு வந்தது. அவளுடைய கலியாணத்திலும் அடித்த பாட்டு. அதற்கு எப்படி ஆடுவதென்று உடம்புக்கே தெரிந்திருந்தது. இடுப்பு திரும்பியது, கை எழுந்தது, முதுகில் வியர்வை வழிந்தது. பக்கத்தில் ஒருத்தி பிழையான பக்கம் திரும்பி மற்றவள்மேல் முட்ட, ஸ்ரெல்லா வாய்விட்டுச் சிரித்தாள்.

பாட்டு முடிந்து மூச்சு வாங்க நின்றபோதுதான் கனிசியஸ் இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. அப்படியென்றால் இவ்வளவு நேரமும் அது நினைவில் இருக்கவில்லை. மாசிக்குப் பிறகு ஒரு நிமிசம்கூட அப்படி இருந்ததில்லை. நித்திரையில்கூட அவர் இல்லை என்பது தெரிந்துதான் இருந்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல அவள் மண்டபத்துக்கு வெளியே போய், மதில் பக்கம் திரும்பி நின்று அழுதாள். மனுசனை மறந்துபோய்ச் சிரித்தேனே என்று அழுதாள்.

ஆனாலும் அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். அந்த மறதியைத் தேடித்தான் போகிறேன் என்று தனக்குத்தானே ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிரியந்தினியின் சின்ன மெசினில் விரல்நுனியைக் குத்திப் பார்த்தபோது சீனி இருநூறுக்குக் கீழே வந்திருந்தது. கால் வீக்கம் வற்றியது. ஒரு பின்னேரம் ஜெனிற்றா வேலையால் வந்தபோது, தாய் நண்டுக்கறி வைத்திருந்தாள்.

கார்த்திகை பிறந்தது. செத்தவர்களுக்காகச் செபிக்கிற ஆத்துமாக்கள் மாதம். இரண்டாம் திகதி எல்லாரையும்போலத் தாயும் மகளும் சேமக்காலைக்குப் போய்க் கனிசியஸின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார்கள். நாலாம் திகதி மண்டபத்தில் ஆட்டம் நடந்தபோது புதிதாக வந்த ஒரு பெட்டை ஃபோனில் வீடியோ எடுத்தாள். கெட்ட நோக்கம் ஒன்றுமில்லை, சந்தோசத்தில் எடுத்தாள். அதில் நடுவில் ஸ்ரெல்லா, கறுப்புச் சீலையைக் கணைக்கால் தெரியத் தூக்கிச் செருகிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி ஆடினாள். யாரோ யாருக்கோ அனுப்ப, அடுத்த நாள் அது பாரிசுக்குப் போய்விட்டது.

ஜெனிஸ்ரன் ஆறாம் திகதி பின்னேரம் ஃபோன் எடுத்தான். எடுத்தவுடன் சுகம் கேட்கவில்லை.

"அம்மா, உங்களுக்கு என்ன நடந்தது?"

"என்னடா?"

"அப்பா செத்து ஒம்பது மாதம்கூட ஆகேல்லை. ஆத்துமாக்கள் மாதத்திலை கறுப்புச் சீலையோடை பைலா ஆடுறியள். இஞ்சை வேலை செய்யிற இடத்திலை எங்கடை பெடியள் எனக்கே போட்டுக் காட்டிச் சிரிக்கிறாங்கள்."

"டொக்டர் சொன்னவர் மகன். சீனிக்கு..."

"டொக்டர் ஆடச் சொன்னவரோ? நடக்கத்தானே சொன்னவர்?"

அந்தப் பக்கத்தில் அவன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு குரல் மாறியது.

"நான் அப்பாவை ஃபோனிலைதானே அம்மா பாத்தனான். தங்கச்சி ஃபோனைச் சவப்பெட்டிக்குக் கிட்டப் பிடிச்சவள். இடையிலை லைன் வெட்டிப்போட்டுது. திரும்ப எடுக்கேக்கை மூடிப்போட்டியள். எனக்கு இன்னும் அவர் செத்தமாதிரியே இல்லை. நீங்கள் அதுக்கிடையிலை துக்கத்தை முடிச்சிட்டியளோ?"

அதற்குப் பிறகு ஸ்ரெல்லா மண்டபத்துக்குப் போகவில்லை. றொசாந்தி வந்து வேலியோரம் நின்று கூப்பிட்டாள், பிரியந்தினி வீட்டுக்கே வந்தாள், வீடியோ எடுத்த பெட்டை வந்து மன்னிப்புக் கேட்டு அழுதாள். "ஒருத்தரிலும் கோவம் இல்லை. எனக்கு ஏலாமல் கிடக்கு" என்று ஸ்ரெல்லா எல்லாருக்கும் ஒரே மறுமொழியைச் சொன்னாள். கதிரையில் இருந்தாள். வீட்டுக்குள்ளேயாவது நடவுங்கோ என்று ஜெனிற்றா கெஞ்சினாள். அவள் ஓமென்று தலையாட்டிவிட்டு இருந்தாள். முடிச்சிட்டியளோ என்று மகன் கேட்டது காதுக்குள் கிடந்தது. அதற்குக் கதிரையில் இருந்துகாட்டுவதைத் தவிர வேறு மறுமொழி அவளுக்குத் தெரியவில்லை.

மார்கழி மழையில் செருப்பின் வார் வலது காலின் சின்னவிரலை அரைத்தது. அவளுக்கு வலிக்கவில்லை. காலில் உணர்வு குறைந்துகொண்டு போனது அவளுக்கே தெரியாது. ஒரு நாள் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெனிற்றா தாயின் காலைக் கண்டு துணியைக் கீழே போட்டாள். விரல் நாவற்பழம்போலக் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் மருந்தேற்றிப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிவிட, நத்தாருக்கு முதல்நாள் வீட்டுக்கு வந்தாள். கேக் அடிக்காத, நட்சத்திரம் கட்டாத வீடு. துக்க வீடென்பதால் எப்படியும் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஆடாமல் விட்டதால்தான் விரல் போனது என்று டொக்டர்மார் சொல்லவில்லை. சீனி ஏறியிருந்தது, புண்ணைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான் சொன்னார்கள். ஆனால் ஜெனிற்றாவுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. நத்தார் வாழ்த்துச் சொல்லத் தமையன் எடுத்தபோது அவள் விறாந்தையில் நின்று கத்தியது உள்ளே கட்டிலில் கிடந்த ஸ்ரெல்லாவுக்குக் கேட்டது.

"உங்கடை மானத்தைக் காப்பாத்தியாச்சு அண்ணை. அம்மாவின்ரை விரலை வெட்டியாச்சு. இப்ப சந்தோசமோ?"

"ஜெனிற்றா! அவனை ஏசாதை. ஃபோனைக் கொண்டா இஞ்சை."

திரையில் ஜெனிஸ்ரன் அழுதுகொண்டிருந்தான். முப்பது வயது ஆண்பிள்ளை, மூக்கைக் கையால் துடைத்துத் துடைத்து அழுதான். ஸ்ரெல்லா அவனுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவன் ஃபோனைத் தூரப் பிடித்துக் கதைப்பான், இல்லையென்றால் குரலோடு சரி. இன்று கிட்டத் தெரிந்தது. கன்னம் ஊதியிருந்தது. கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. கழுத்து என்று ஒன்று இருக்கவில்லை. கனிசியஸின் கடைசி வருசத்து முகம் அது.

"வேலை முடிஞ்சு எங்கையடா போறனீ?" என்று கேட்டாள்.

"எங்கை போறது? றூமுக்குத்தான்."

"பிறகு?"

"சாப்பிட்டிட்டுப் படுப்பன்."

"லீவு நாளிலை?"

"படுத்துத்தான் கிடப்பன் அம்மா. வெளியிலை குளிர். ஆரோடை போறது?"

அவனுக்கும் அங்கே ஒரு கதிரை இருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. அது கட்டிலாக இருக்கிறது, அவ்வளவுதான். வதிவிடக் காட் கிடைக்காமல், திரும்பி வரவும் முடியாமல், தகப்பனை அடக்கம் செய்யாமலே மாசியிலிருந்து அதில் கிடக்கிறான்.

"பிறசர் பாத்தனியோ?"

"எனக்கென்ன பிறசர்?"

"கொப்பரும் அப்பிடித்தான் சொன்னவர்" என்றாள் ஸ்ரெல்லா. குரல் உயரவில்லை. "நானும் அவரோடை சேந்து சிரிச்சனான். இந்த முறை சிரிக்க மாட்டன். கேட்டுக்கொள். என்னை ஆட வேண்டாம் எண்டாய், நான் நிப்பாட்டினன். இப்ப நான் சொல்லுறன், நீ எழும்பு. ஆடு, ஓடு, பந்தடி, என்னவாவது செய். எழும்பு."

அவன் ஃபோனை வைத்துவிட்டான். இரண்டு கிழமையாக எடுக்கவில்லை. தை பிறந்த பிறகு ஒரு நாள் எடுத்தான். பிறசர் பார்த்ததாகவும், குளிசை தந்திருப்பதாகவும் சொன்னான். எவ்வளவென்று கேட்டதற்குச் சொல்ல மறுத்தான். வைக்கப்போகும்போது, வேறெதையோ சொல்வதுபோலச் சொன்னான்:

"ஆண்டுப் பூசை முடியட்டும். பிறகு விருப்பமெண்டால் போங்கோ. ஆனால் ஒருத்தரும் வீடியோ எடுக்கக்கூடாது."

"எடுக்க விடன்" என்றாள்.

நீ எழும்பினாயா என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மாசி பன்னிரண்டாம் திகதி ஆண்டுப் பூசை நடந்தது. அன்று பின்னேரம் ஸ்ரெல்லா கறுப்பைக் கழற்றி, ஜெனிற்றா வாங்கிவந்த சாம்பல்நிறச் சீலையை உடுத்தாள். கறுப்புப் போனதில் மனம் இலேசாகும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. புண் ஆறி, மருந்து கட்டுவதும் முடிந்திருந்தது. சின்னவிரல் இல்லாத கால் நிலத்தில் சரியாகப் பதியாமல், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சரிந்தது.

அடுத்த கிழமை அவள் றொசாந்தியின் வீட்டுக்குப் போனாள். றொசாந்தி கருவாட்டுப் பாயை உதறிக்கொண்டிருந்தாள்.

"மண்டபத்துக்குப் போவமோ?"

றொசாந்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அங்கை ஒருத்தரும் இல்லை அக்கா. மிஸியைத் தீவுப் பக்கம் மாத்திப்போட்டினம். அதோடை ஆக்களும் குறைஞ்சு, இப்ப பூட்டிக் கிடக்கு. திறப்பு யாகப்புவிட்டை."

இரண்டு பேருமாக யாகப்புவைத் தேடிப் போனார்கள். ஸ்ரெல்லாவைக் கண்டதும் அவன் எழும்பினான், முகம் வழக்கம்போல் மாறியது. "அண்டைக்கு அக்கா, வலையை இழுக்கேக்கை..."

"யாகப்பு" என்றாள் ஸ்ரெல்லா. "இண்டைக்கு வேண்டாமடா. எனக்குத் தெரியும். உனக்கும் பாரம்தான். திறப்பைத் தா."

அவன் உள்ளே போய்த் திறப்பை எடுத்துவந்து கொடுத்தான்.

மண்டபத்துக்குள் புறா எச்சமும் கடல்மணலுமாகக் கிடந்தது. றொசாந்தி கூட்டினாள். ஸ்ரெல்லா ஜன்னல்களைத் திறந்தாள். றொசாந்தி பழக்கத்தில் ஃபோனைக் கையில் எடுத்துவிட்டு நின்றாள்.

"அக்கா, நேற்று விபூதிப் புதன். தவக்காலம் துவங்கிட்டுது. பைலா போடேலாது."

"ஓம்" என்றாள் ஸ்ரெல்லா. "போட வேண்டாம்."

"அப்ப என்ன செய்யிறது? உயிர்ப்பு ஞாயிறு முடிய வருவமோ?"

"அதுக்கிடையிலை மற்ற விரலும் போயிடும்."

அவள் பகிடியாகச் சொல்லவில்லை. றொசாந்தியும் சிரிக்கவில்லை. ஃபோனைத் திரும்ப இடுப்பில் செருகிவிட்டு வெளியே கேட்காத மாதிரி மெல்லக் கைதட்டிக்கொண்டு ஆடத் தொடங்கினாள். ஸ்ரெல்லா ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். பாட்டு இல்லை, சிரிக்க ஆட்கள் இல்லை. சீமெந்து நிலத்தில் நாலு கால்கள் படும் சத்தமும் றொசாந்தியின் கைச்சத்தமும் மட்டும் கேட்டன. ஒரு திருப்பத்தில் கால் சரிந்து, தோள் சுவரில் இடிபட்டது. றொசாந்தி கைதட்டுவதை நிறுத்தினாள்.

"நிப்பாட்டாதை" என்றாள் ஸ்ரெல்லா.

கனிசியஸ் இந்த முறை ஒரு நிமிசமும் நினைவை விட்டுப் போகவில்லை. வலைமேல் இருந்தபடி போன அவருடைய முகமும், பிரான்சில் கட்டிலில் கிடக்கிற பிள்ளையின் முகமும் மாறி மாறி வந்தன. அவள் அழுதுகொண்டு ஆடினாள், ஆடிக்கொண்டு அழுதாள். பத்து நிமிசத்தில் மூச்சு முட்டி வாங்கில் இருந்துவிட்டாள். றொசாந்தி பக்கத்தில் வந்து இருந்து, அவளுடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, புண் ஆறிய இடம் சிவந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நாளைக்கும் வாறியளோ?"

"வாறன்."

கதவைப் பூட்டிவிட்டு அவர்கள் வெளியே வந்தபோது கரையில் வள்ளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாகப்பு தூரத்தில் நின்று பார்த்தான். திறப்பைத் தரச்சொல்லி அவன் கேட்கவில்லை. ஸ்ரெல்லா அதைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, சரிந்து சரிந்து, றொசாந்திக்குப் பின்னால் நடந்தாள்.